சம்பந்தி அனுப்பிய சாக்ஸ்

"அந்தப் பொட்டியை வீட்டிலேயே வெச்சிட்டு வான்னு சொன்னேன்ல?" என்றார் பியோ மான்சிக்.

வாண்டோ பேருந்து நிலையத்தில், காலை ஏழரை மணி சியோல் பஸ்ஸின் வாசலில், அவர் மனைவி ஓக்ரே இரண்டு கையிலும் சாமானோடு நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் ஐஸ் நிரப்பிய வெள்ளைப் பெட்டி, அதற்குள் முப்பது அபலோன் சிப்பிகள். இன்னொரு கையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி. அவர் சொன்னது அட்டைப்பெட்டியை.

"வெச்சிட்டுத்தான் வந்தேன். தெருமுனை வரைக்கும் வந்ததும் மனசு கேக்கல, திரும்பப் போய் எடுத்துக்கிட்டேன். அஞ்சு மணி நேரம் உக்காந்துக்கிட்டே போகணும். உங்க காலு வேற..."

"என் காலுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல" என்றாள் ஓக்ரே. முப்பத்து மூன்று வருஷத் தாம்பத்தியத்தில் அவள் அதிகமாகச் சொன்ன வாக்கியம் அதுதான்.

அட்டைப்பெட்டியில் இருந்தது ஒரு ஜோடி கம்ப்ரெஷன் சாக்ஸ். நீண்ட பயணத்தில் கால் வீங்காமல் இருக்க, முழங்கால் வரை இறுக்கிப் பிடிக்கிற ரகம். தோல் நிறம், விரல்கள் வெளியே தெரியும்படி முன்பக்கம் திறப்பு. அன்று அவர்கள் சியோலில் சந்திக்கப்போகும் வீட்டார்தான் அதை அனுப்பியிருந்தார்கள், ஓக்ரேவுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று என்று. ஓக்ரே தன்னுடையதை விடிகாலையிலேயே போட்டுக்கொண்டுவிட்டாள்.

"பொண்ணு கேக்கிறவன் தேன் அனுப்புவான். ஜின்செங் அனுப்புவான். மாட்டு விலா அனுப்புவான். இவன் சாக்ஸ் அனுப்புறான். நாளைக்குக் கல்யாணத்துக்கு என்ன அனுப்புவான், இடுப்புப் பெல்ட்டா?"

மான்சிக் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் கிளை மேலாளராக இருந்து ஓய்வுபெற்று இரண்டு வருஷம் ஆகிறது. ஆனால் அந்தச் செய்தியை அவர் கழுத்துக்கு யாரும் இன்னும் தெரிவிக்கவில்லை. தெருவில் நடக்கும்போதுகூட இரண்டு பக்கமும் ஆட்கள் எழுந்து நிற்பதுபோல லேசாகத் தலையை ஆட்டிக்கொண்டே போவார். ஊரில் அவர் மட்டமாகப் பேசாத பொருள் எதுவும் மிச்சமில்லை. துறைமுகம், வானிலை அறிக்கை, புதுத் தபால்காரர், பக்கத்து வீட்டு நாய் எல்லாவற்றுக்கும் ஒரு கருத்து வைத்திருந்தார், எதுவும் நல்ல கருத்து இல்லை.

அப்படிப்பட்டவரின் ஒரே மகள் தாசொம், சியோலில் வேலைபார்க்கிற இடத்தில் போங் கிபோம் என்பவனை விரும்பிவிட்டாள். பையன் மேல் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அவன் அப்பா அம்மா கடை வைத்திருந்தார்கள். ஊன்றுகோல், முழங்கால் பட்டை, இடுப்புப் பெல்ட், கம்ப்ரெஷன் சாக்ஸ் விற்கிற கடை. கிளை மேலாளரின் சம்பந்தி சாக்ஸ் கடைக்காரனா?

இரண்டு குடும்பமும் முதன்முதலாக ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் நாள் இன்று. பேச்சு நல்லபடி முடிந்தால் தேதி குறிப்பார்கள். முடியக்கூடாது என்பது மான்சிக்கின் திட்டம். அதேசமயம் முறித்தது தானாகவும் இருக்கக்கூடாது. மகள் ஆயுளுக்கும் பேசமாட்டாள். ஆகவே அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். எட்டாத உயரத்தில் உட்கார்ந்துகொண்டு மூன்றே மூன்று வாக்கியம் பேசுவது. அதைக் கேட்டு போங் குடும்பம் தானாகவே எழுந்து ஓடிவிடும். அந்த மூன்று வாக்கியங்களையும் ஒரு வாரமாகக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்திருந்தார்.

சாக்ஸ் அனுப்புவதற்கு முன் கிபோமின் அம்மா போன் செய்து, கெண்டைக்கால் சுற்றளவு எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்டாள். ஓக்ரே டேப்போடு வந்தாள்.

"அளக்கிறதுக்கு நான் என்ன மாடா?" என்றார் மான்சிக். "முப்பத்தி மூணுன்னு சொல்லு."

அது அவர் ராணுவத்தில் கட்டாயச் சேவை செய்தபோது இருந்த அளவு. இப்போது நாற்பத்தொன்று. ஓக்ரே முப்பத்து மூன்று என்றே சொன்னாள். வேறு எண்ணைச் சொல்லியிருந்தால் அன்று இரவுச் சாப்பாடு நடந்திருக்காது.

அந்தக் கால்களுக்கு ஒரு புது ஷூவும் வாங்கியிருந்தார், முனை கூரான கறுப்பு ஷூ. அதிலும் ஒரு அளவு சின்னதாகத்தான். பெரிய பாதம் வலை இழுக்கிறவனுக்கு இருக்கலாம், மேலாளருக்குக் கூடாது என்பது அவர் கொள்கை.

பஸ் கிளம்பியது. மான்சிக் வலப்பக்கம் ஒற்றை இருக்கையில் உட்கார்ந்தார், அவருக்கு யார் தோளும் படக்கூடாது. ஓக்ரே நாலு வரிசை பின்னால். முதல் ஒரு மணி நேரம் அவர் நெடுஞ்சாலையை மட்டமாகப் பேசினார். அடுத்த ஒரு மணி நேரம் பேசவில்லை. முந்தின நாள் உப்புக் கரிக்கும் சோயா சாஸில் ஊறிய நண்டு இரண்டை ஒற்றை ஆளாகத் தின்றிருந்தார், அந்த உப்பெல்லாம் இப்போது பாதத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. மெதுவாக ஷூவைக் கழற்றினார். கழற்றியபோது கிடைத்த சுகத்தில் கண்ணை மூடிக் கொஞ்சம் தூங்கியும் போனார்.

"பதினஞ்சு நிமிஷம்" என்று ஓட்டுநர் அறிவித்ததும் விழித்தார். நெடுஞ்சாலை ஓய்விடம். ஷூவை எடுத்துக் காலை நுழைத்தார். பெருவிரல் மட்டும் உள்ளே போனது.

ஓக்ரே வந்து குனிந்து பார்த்தாள். "சுரைக்காய் மாதிரி இருக்கு."

"ஷூ சரியில்ல. தோல் சுருங்கிடுச்சு."

"அந்த சாக்ஸைப் போட்டா கொஞ்சம் வடியும்னு அந்தம்மா சொன்னாங்க. ஆனா காலையிலேயே போடணுமாம். வீங்கினப்புறம் போட்டா ஏறாதாம்."

"நான் டாய்லெட்டுக்குப் போறேன். எனக்கு வேற ஒரு வேலையும் இல்ல" என்றார் மான்சிக். அட்டைப்பெட்டியை நியூஸ்பேப்பருக்குள் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார். காலுக்கு வேறு வழியில்லாமல், ஓக்ரே பையில் வைத்திருந்த மடக்குச் செருப்பைப் போட்டுக்கொண்டார். இளஞ்சிவப்பு நிறம். மேலே முயல் படம்.

கழிப்பறைக் கதவைச் சாத்தி, பேன்ட்டை மடக்கி, முதல் சாக்ஸை எடுத்தார். குழந்தைக்கு வாங்கியதுபோல இருந்தது. பாதத்தில் மாட்டி இழுத்தார். குதிகால் வரை வந்து நின்றது. சுவரில் ஒரு காலை ஊன்றி இன்னும் பலமாக இழுத்தார். கை வழுக்கி முழங்கை கதவில் மோதியது. மறுபடி இழுத்தார். மறுபடி கதவு.

வெளியே தரை துடைத்துக்கொண்டிருந்த பெண் கதவருகில் வந்து நின்றாள். "உள்ள ஒருத்தரா, ரெண்டு பேரா?"

"ஒருத்தர்" என்றார் மான்சிக்.

"சண்டை போடுற சத்தம் கேட்டுச்சு."

"சாக்ஸ் போடுறேன்."

வெளியே துடைப்பத்தைச் சுவரில் சாய்க்கும் சத்தம். "இறுக்குற சாக்ஸா?" என்றாள். "என் வீட்டுக்காரருக்கும் டாக்டர் எழுதிக் குடுத்தாரு. வெறுங்கையில ஏறாதுய்யா. ரப்பர் கையுறை போட்டுக்கிட்டுத் தடவி ஏத்தணும்." கதவுக்கடியில் ஒரு ஜோடி சிவப்பு ரப்பர் கையுறை நீண்டது, கிம்ச்சி பிசைய எல்லா வீட்டிலும் தொங்குமே, அதே ரகம். "பயப்படாதீங்க, இப்பதான் கழுவினேன்."

கூட்டுறவுச் சங்கக் கிளை மேலாளர் ஒருவர் வாழ்க்கையில் எத்தனையோ பேர் கையால் எத்தனையோ வாங்கியிருக்கலாம். ஆனால் ஆண்கள் கழிப்பறையில், கதவுக்கடியில், துப்புரவுக்காரியின் கையுறையை வாங்கிய முதல் ஆள் இவராகத்தான் இருக்கும். மாட்டிக்கொண்டார். அவள் சொன்னது பொய்யில்லை. சாக்ஸ் ஒவ்வொரு விரற்கடையாக ஏறியது. கெண்டைக்கால் வந்ததும் அவருக்கு மூச்சு முட்டியது.

"ஏறிடுச்சா?"

"ஒண்ணு ஏறிடுச்சு."

"இன்னொண்ணையும் போட்டுட்டுக் கையுறையைக் குடுங்க. பெண்கள் பக்கம் இன்னும் கழுவல."

இரண்டாவது சாக்ஸ் ஏறி முடிந்தபோது நேரம் என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. கால் இரண்டும் மரக்கட்டை மாதிரி விறைத்திருந்தன. விரல்கள் மட்டும் முன்பக்கத் திறப்பில் வெளியே வந்து, பத்தும் பத்து செர்ரிப்பழமாகச் சிவந்திருந்தன. முயல் செருப்பில் தத்தித் தத்தி வெளியே வந்தார்.

பஸ் இல்லை.

அதோடு போனவை: அவர் ஷூ, கோட்டு, போன், மூக்குக்கண்ணாடி, மனைவி. இந்த வரிசையில்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. ஓட்டுநர் புறப்படுமுன் "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டிருப்பார். ஓக்ரே கண்ணுக்குத் துணி கட்டிக்கொண்டு, கால் வலி இல்லாமல், சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்திருப்பாள்.

ஓய்விட அலுவலகத்தில் ஒரு பெண் போனை நீட்டினாள். "வீட்டம்மா நம்பரைச் சொல்லுங்க ஐயா, நான் போட்டுத் தர்றேன்."

மான்சிக் யோசித்தார். அவர் போனில் ஓக்ரே ஒன்றாம் எண் பொத்தான். அதற்கு அப்பால் அவளுக்கு ஒரு நம்பர் இருக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை. மனப்பாடமாகத் தெரிந்தது கூட்டுறவுச் சங்கத்தின் நம்பர் ஒன்றுதான். அதை அழைத்தார்கள். சனிக்கிழமை, யாரும் எடுக்கவில்லை.

"சியோல் போற வேற பஸ் எல்லாம் நிறைஞ்சிருக்கு" என்றாள் அந்தப் பெண், அவர் காலைப் பார்க்காமல் இருக்க முயன்றுகொண்டே. "போசொங் ஊர்ப் பெண்கள் ஒரு பஸ்ஸுல சியோலுக்குப் பூ பாக்கப் போறாங்க. கேட்டுப் பாக்கட்டுமா?"

கேட்டாள். ஏற்றிக்கொண்டார்கள். ஏறியவுடனே மான்சிக்குக்குத் தெரிந்துவிட்டது, ஓய்விடத்திலேயே செத்திருக்கலாம் என்று. முப்பத்தைந்து பெண்மணிகள். திரை இழுத்துவிட்டு, பாட்டைப் போட்டு, நடுவழியில் ஆடிக்கொண்டிருந்தார்கள். காலை பத்து மணி. வெயில் தொப்பி போட்ட தலைவி ஒருத்தி அவரை முன்வரிசையில் உட்காரவைத்து, கையில் ஒரு வேகவைத்த முட்டையைத் திணித்தாள்.

"எங்க அண்ணே போறீங்க?"

"சம்பந்தி வீட்டாரைப் பாக்க."

"முயல் செருப்புலயா?"

மான்சிக் ஜன்னலைப் பார்த்தார். திரைதான் தெரிந்தது. அதற்குள் தலைவி குனிந்து பார்த்துவிட்டாள். "ஏ, இங்க வாங்கடி. அண்ணன் காலைப் பாருங்க. குடல்ல அடைச்ச சுண்டே மாதிரி இருக்கு."

ஆட்டம் நின்றது. ஏழெட்டுத் தலைகள் எட்டிப் பார்த்தன.

"அளவு தப்பு. இது பொம்பளைங்க சாக்ஸு."

"விரல் கறுத்துப்போகும்டி, அப்புறம் வெட்டணும்னு சொல்லுவாங்க."

"வெட்டணும்" என்ற வார்த்தை மான்சிக்கை அசைத்தது. கொஞ்சம் குரல் இறங்கி, "கழட்டிடலாமா?" என்று கேட்டார். காலையிலிருந்து அவர் அடுத்தவரிடம் அபிப்பிராயம் கேட்டது அது முதல் தடவை.

மூன்று பேர் இழுத்தார்கள். ஒருத்தி அவர் அக்குளைப் பிடித்துக்கொள்ள, இரண்டு பேர் சாக்ஸின் மேல்விளிம்பைப் பிடித்து, கடற்பாசிக் கயிறு இழுக்கிற மாதிரி ஒன்று இரண்டு சொல்லி இழுத்தார்கள். விளிம்பு சுருண்டு இறங்கியது. பாதிக் கெண்டைக்காலில் வந்து, மணிக்கட்டுத் தடிமன் வளையமாகத் திரண்டு, அங்கேயே நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. இன்னொரு காலிலும் இழுத்தார்கள். அதுவும் அப்படியே ஆயிற்று.

"முன்னைக்கு இப்ப மோசமா இருக்குல்ல?" என்றாள் தலைவி, தன் கைவேலையைத் தள்ளி நின்று பார்த்து.

"பரவாயில்ல, விட்டுடுங்க" என்றார் மான்சிக்.

"முட்டையைச் சாப்பிடுங்கண்ணே. சம்பந்தி முன்னால மயக்கம் போட்டு விழுந்துடாதீங்க."

உணவகத்தின் வாசலில் இறக்கிவிட்டபோது முக்கால் மணி நேரம் தாமதம். முப்பத்தைந்து பெண்களும் ஜன்னல் வழியாகக் கைகாட்டினார்கள். உணவகத்துப் பணிப்பெண் முயல் செருப்பைக் கண்ணால் பார்க்காததுபோல வாங்கி அடுக்கில் வைத்துவிட்டு, உள்ளறையின் தள்ளுகதவைத் திறந்தாள்.

பழைய பாணி அறை. சூடான தரை, நீளமான தாழ்ந்த மேசை, சுற்றிலும் தலையணை மாதிரி மெத்தைகள். ஒருபக்கம் கிபோமின் அப்பா போங்கும் அவர் மனைவியும், கிபோமும். எதிர்ப்பக்கம் ஓக்ரே, தாசொம். கதவு திறந்த வேளையில் தாசொம் கண் சிவந்து, "சாப்பிடுறதுக்கு முன்னாடி நாங்க ரெண்டு பேரும் ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்திருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். தான் வராத கவலையில் அழுதிருக்கிறாள் என்று மான்சிக் எடுத்துக்கொண்டார். உலகத்தில் எந்தக் கண்ணீருக்கும் காரணம் தானாகத்தான் இருக்கும் என்பது அவர் எண்ணம்.

ஓக்ரே அவர் ஷூ இருந்த பையை மடியில் வைத்திருந்தாள். "சியோல் கிட்ட, சோன்ஆன் ஊரைத் தாண்டித்தான் கண்ணு முழிச்சேன்" என்று பல்லுக்குள் சொன்னாள். "பஸ்ஸு முழுக்கத் தேடினேன். சீட்டுக்கு அடியில கூடப் பாத்தேன்."

மான்சிக்குக்கு அப்போது வேறு பிரச்சினை. உட்கார வேண்டும். சம்மணம் போட்டால் பேன்ட் ஏறும். இரண்டு வளையமும் பத்து செர்ரிப்பழமும் மேசை விளிம்பில் சம்பந்திக்கு நேரே வந்து நிற்கும். அதுவும் அவன் கடைச் சரக்கு. காலைப் பின்னால் மறைத்துக்கொள்ள ஒரே வழிதான் இருந்தது. மான்சிக் மெத்தையில் முழங்கால் இரண்டையும் மடக்கி, குதிகால் மேல் உட்கார்ந்து, கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

அறையில் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். மண்டிபோட்டு உட்காருவது தப்புச் செய்தவனும் தாழ்ந்து கேட்கிறவனும் செய்கிற காரியம். பெண்ணைப் பெற்றவர், வயதில் மூத்தவர், முதல் சந்திப்பில் அப்படி உட்கார்ந்து போங் பார்த்ததில்லை. யாரும் பார்த்ததில்லை.

"சம்பந்தி, சௌகரியமா உக்காருங்க" என்றார் போங் பதறிப்போய். குட்டையான, வழுக்கை விழுந்த மனிதர்.

"இதுதான் எனக்குச் சௌகரியம்" என்றார் மான்சிக். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதால் குரல் தழுதழுத்தது.

போங் மனைவியைப் பார்த்தார். பிறகு தன் காலை மடக்கி அவரும் மண்டிபோட்டார். அவர் மனைவியும் போட்டாள். பெற்றவர்கள் போட்டதும் கிபோம் போட்டான். எதிரில் தாசொமும், கடைசியாகப் பெருமூச்சோடு ஓக்ரேவும். நடு மேசையில் விலா எலும்புக் கறி ஆறிக்கொண்டிருந்தது. ஆறு பேரும் மண்டிபோட்டுக்கொண்டு யார் முதலில் சாப்பிடுவது என்று தெரியாமல் விழித்தார்கள்.

இதுதான் சமயம் என்று மான்சிக் முதல் வாக்கியத்தை எடுத்தார்.

"எங்க குடும்பம் மூணு தலைமுறையா தலை நிமிந்து வாழ்ந்த குடும்பம். இன்னொருத்தர் காலைத் தொட்டுப் பொழைச்சவங்க எங்கள்ல யாருமில்ல."

சாக்ஸ் கடைக்காரனுக்கு இதைவிடச் சூடு வேண்டாம். ஆனால் போங்கின் கண் கலங்கியது. "தெரியும் சம்பந்தி. கிபோம் சொல்லியிருக்கான். அப்படிப்பட்டவர் பொண்ணுக்காக இன்னைக்கு எங்க முன்னால இப்படி இறங்கி உக்காந்திருக்கீங்க. எனக்குப் பேச்சு வரல."

மான்சிக்குக்கும் வரவில்லை. வளையம் கெண்டைக்காலைக் கயிறு மாதிரி இறுக்கியது. இரண்டாவதை எடுத்தார்.

"என் பொண்ணுக்கு டாக்டர் வரன் வந்துச்சு, வக்கீல் வரன் வந்துச்சு."

"அத்தனையும் விட்டுட்டு" என்றாள் போங்கின் மனைவி, கைக்குட்டையை எடுத்துக்கொண்டே.

"நான் விடல..."

"மனசு விடாமத்தான் இருந்திருக்கும். பெத்த மனசு. அதையும் மறைக்காம சொல்லிட்டீங்க பாருங்க."

கால் இப்போது அவருடையதாக இல்லை. இடுப்புக்குக் கீழே ஏதோ ஒன்று எரிந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். மூன்றாவது வாக்கியம் 'இந்தக் கல்யாணம் நடக்கலைன்னாலும் எங்களுக்கு ஒண்ணும் குறைஞ்சுபோயிடாது' என்பது. அதைச் சொல்லிவிட்டு எழுந்து நின்றுவிட வேண்டும், என்ன ஆனாலும் சரி. ஒரு கையைத் தரையில் ஊன்றினார்.

"இந்தக் கல்யாணம் நடக்..."

அத்தோடு வலது கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டது. இடது கால் அதற்கு முன்பே விடைபெற்றிருந்தது. மான்சிக் பக்கவாட்டில் சரிந்து, இரண்டு கையையும் நீட்டி, நெற்றி தரையில் படும்படி குப்புற விழுந்தார். எழவும் இல்லை. வலியில் எழ முடியவில்லை.

பெரியவர்களுக்குப் புத்தாண்டில் செய்கிற முழு வணக்கம் அது. அதைவிடக் கொஞ்சம் ஆழமாகவே இருந்தது.

"நடக்கணும், நடக்கணும்" என்று போங் வாய்விட்டே அழுதார். மேசையைச் சுற்றி வந்து, மான்சிக்கின் தலைக்கு நேரே தன் தலையை வைத்து அவரும் விழுந்தார். "நடக்காம எங்க போகும் சம்பந்தி. நான் உயிரோட இருக்கிற வரைக்கும் தாசொம் என் பொண்ணு."

"அப்பா" என்றான் கிபோம். "அப்பா, ஒரு நிமிஷம்..."

"நீ சும்மா இரு. பெரியவர் எழுந்திருக்கட்டும்."

பெரியவர் எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் போங்கின் மனைவி அவர் காலைப் பார்த்தாள். விழுந்ததில் பேன்ட் ஏறி, எல்லாம் வெளியே வந்திருந்தது.

"அய்யய்யோ, இவர் நாம குடுத்ததைப் போட்டுக்கிட்டே வந்திருக்கார். இந்தா பாருங்க, ரத்தம் கட்டிப் போயிருக்கு. அளவு பத்தலைன்னு ஒரு வார்த்தை சொல்லலியே. நம்ம மனசு நோகக்கூடாதுன்னு..." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் இருபத்தாறு வருஷம் அதே வேலை செய்த கை. ஒரு கட்டைவிரலை வளையத்துக்குள் விட்டு, உட்பக்கம் வெளியே வரும்படி மடக்கி, ஒரே இழுப்பில் உருவினாள்.

அந்தக் காலில் ரத்தம் பாய்ந்த சுகம் இருக்கிறதே, அதற்காக மான்சிக் அந்த நேரத்தில் வாண்டோ துறைமுகத்தையே எழுதிக் கொடுத்திருப்பார்.

"அக்டோபர் மூணாவது சனிக்கிழமை வெச்சுக்கலாமா சம்பந்தி?" என்று போங் கேட்டார்.

"ஆங்... அப்படித்தான்... அப்படியே..." என்றார் மான்சிக் தரையோடு.

"கல்யாணம் இங்கயா, உங்க ஊர்லயா?"

"இன்னொண்ணு... இன்னொண்ணையும்..."

"ரெண்டு இடத்துலயும் வெச்சுக்கலாம்கிறார்" என்றார் போங். இரண்டாவது சாக்ஸும் கழன்றது. மான்சிக்கின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. அதைப் பார்த்து ஓக்ரே கூட அழுதாள். முப்பத்து மூன்று வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்ததே இல்லை. தாசொம் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு கிபோமைப் பார்த்தாள். கிபோம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்கப்புறம் அவர்கள் சாப்பிட்டார்கள். மான்சிக் காலை நீட்டி, சம்பந்தியின் மனைவி ஓடிப்போய் கடை வண்டியிலிருந்து கொண்டுவந்த நாற்பத்தொன்று அளவு சாக்ஸில் காலை நுழைத்து, எதிர்ப்பு எதுவும் சொல்லாமல் மூன்று கிண்ணம் சோறு சாப்பிட்டார். வீக்கம் வடிய வடிய அவருக்குள் பழைய ஆள் திரும்பி வந்தார். நடந்ததை மறுபடி நினைத்துப் பார்த்தபோது அது தோல்வி மாதிரி அவருக்குப் படவில்லை. ஒரு மனிதர் குப்புற விழுந்தும் எதிரில் உள்ளவனை அழவைத்தார் என்றால் அது சாதாரண ஆளுக்குக் கைகூடுகிற காரியமா? கடைசியில் இந்தச் சாக்ஸ் கடைக்காரனுக்குத் தான் ஒரு வாழ்வு கொடுத்திருக்கிறோம் என்ற முடிவுக்கு வந்தார். இனிப்பு அரிசிப் பானம் வந்தபோது அந்த முடிவு உறுதியாகிவிட்டது.

நாலரை மணி பஸ்ஸுக்கு வழியனுப்ப கிபோமும் தாசொமும் பேருந்து நிலையம் வந்தார்கள். ஓக்ரே மகளைக் கூட்டிக்கொண்டு வழிக்கு வால்நட் கேக் வாங்கப் போனாள். ஷூ இப்போது சுலபமாக ஏறியிருந்தது. மான்சிக் இரும்பு பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்து, நின்றுகொண்டிருந்த வருங்கால மருமகனை மேலிருந்து கீழே பார்த்தார். உட்கார்ந்துகொண்டு அப்படிப் பார்ப்பது கஷ்டம், அவருக்குப் பழக்கம்.

"உங்கப்பா அழுததைப் பாத்தேன். உணர்ச்சிவசப்படுற ஆளு. வியாபாரத்துக்கு ஆகாது. நான் இன்னைக்கு இறங்கி வந்தது என் பெருந்தன்மை, புரியுதா? எங்க ஊர்ல வேற எந்த அப்பனும் இதைச் செய்யமாட்டான். ஆயுசு முழுக்க நீ இதை ஞாபகம் வெச்சுக்கணும்."

"வெச்சுக்கிறேன் மாமா" என்றான் கிபோம்.

"என்னமோ சொல்ல வந்தியே அங்க. அப்பா அப்பான்னு. என்ன அது?"

கிபோம் கேக் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். தாசொம் அங்கிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"நானும் தாசொமும் போன மாசமே பிரிஞ்சுட்டோம் மாமா. கல்யாணம் வேண்டாம்னு ரெண்டு வீட்டையும் ஒண்ணா உக்காரவெச்சுச் சொல்லத்தான் இன்னைக்கு எல்லாரையும் வரச் சொன்னோம். அதுக்குள்ள நீங்க வந்து மண்டிபோட்டுட்டீங்க."